அப்பாவின் குதிகாலில் கறுப்புத் திட்டு: ஆணி என்று நினைத்தே ஒன்றரை வருடம் போய்விட்டது

ஒரத்தநாட்டான் | 11 ஜூன் 2023, இரவு 10:42

வணக்கம். இந்தப் பகுதியை இதுவரை வாசித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இன்று வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 63 வயது. விவசாயம். வயலில் செருப்புப் போட மாட்டார், தெருவிலும் பாதி நாள் போட மாட்டார். காலில் முள்ளும் ஆணியும் அவருக்குப் புதிதல்ல. ஒன்றரை வருடம் முன்பு இடது குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி இருக்கிறதென்று அம்மா சொன்னார். முள் ஒடிந்து உள்ளே நின்றிருக்கும் என்று அப்பாவே ஊக்கால் கிளறிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அப்புறம் மருந்துக் கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டினார். தோல் உரிந்தது, கறுப்பு போகவில்லை. போன தை மாதம் பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் ஆணி என்று சொல்லி பிளேடால் சீவிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த இடம் ஆறவே இல்லை. கசிகிறது. கட்டிலில் உரசினால் இரத்தம் வருகிறது.

நேற்று ஊருக்குப் போனபோது காலை மடியில் தூக்கி வைத்துப் பார்த்தேன். பழைய எட்டணாக் காசு அளவு இருக்கிறது. ஒரு பக்கம் கன்னங்கரேல், இன்னொரு பக்கம் பழுப்பு, நடுவில் சிவந்த புண். ஓரம் வட்டமாக இல்லை, தாளில் மை ஊறினது போல. வலி இல்லை என்கிறார். சர்க்கரையும் இல்லை.

இரண்டு கேள்விகள். தோல் புற்று நம் நிறத்துக்கு வருமா? வந்தாலும் வெயிலே படாத உள்ளங்காலில் வருமா? சித்தப்பா வேறு "கத்தி வைக்காதே, வைத்தால் பரவிவிடும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

---

மூலிகைப்பித்தன் | 11 ஜூன் 2023, இரவு 11:05

பயப்படாதீர்கள் தம்பி. தோல் புற்று வெள்ளைக்காரன் நோய். நம் தோலில் இருக்கிற கறுப்பே நமக்குக் கவசம். இது நாள்பட்ட ஆணிப் புண்தான். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து ஒரு மண்டலம் கட்டுங்கள். சித்தப்பா சொல்வதைக் கேளுங்கள். என் மாமனாருக்குக் கழுத்துக் கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், ஆறே மாதத்தில் போய்விட்டார்.

---

ஸ்டெத் இல்லா டாக்டர் | 11 ஜூன் 2023, இரவு 11:58

தோல் மருத்துவராக 22 வருடம். கணினி வழியே நோய்ப் பெயர் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன், இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை என் பயிற்சி மாணவர் ஒருவர் எழுதி நீட்டியிருந்தால், மறுநாள் காலையே சதைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லியிருப்பேன். ஒரே புள்ளி, பெரிதாகிக்கொண்டே போகிறது, ஒரே திட்டில் இரண்டு மூன்று நிறம், ஒழுங்கில்லாத ஓரம், இப்போது ஆறாத புண். இதற்கு மேல் காத்திருக்க என்ன இருக்கிறது?

நம் நிறத்துக்கு வருமா என்றால், வரும். குறைவாக வரும். மெலனோமா என்கிற மச்சப் புற்று இந்தியாவில் ஒரு லட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் வரும்போது எங்கே வருகிறது என்று பாருங்கள்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. நம் போன்ற நிறத்தவரின் மெலனோமாவில் பெரும் பங்கு அங்கேதான். அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. ஜமைக்கா பாடகர் பாப் மார்லியைத் தெரியும்தானே? 1977இல் வலது கால் பெருவிரல் நகத்தடியில் இதே வகைதான் கண்டுபிடித்தார்கள். பந்தாட்டத்தில் பட்ட அடி என்று முதலில் நினைத்திருந்தார்கள். விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. 1981 மே மாதம் இறந்தபோது வயது 36.

இப்போது நீங்கள் விவசாயி மகன் என்பதால் உங்களுக்குப் புரியும்படி ஒன்று சொல்கிறேன். உள்ளங்கால் தோலை உருப்பெருக்கியில் பார்த்தால் வயல் மாதிரியே இருக்கும். வரப்பு, வாய்க்கால், வரப்பு, வாய்க்கால் என்று கோடு கோடாக ஓடும். சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் வாய்க்காலில் நிற்கும். மெலனோமாவில் வரப்பின் மேல் ஏறி நிற்கும். டெர்மோஸ்கோப் என்ற கையடக்கக் கருவி வைத்திருக்கிற தோல் மருத்துவர் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவார். (புண்ணாகிவிட்ட இடத்தில் இந்தக் கணக்கு தெளிவாகத் தெரியாது. ஓரத்தில் பார்க்கலாம்.)

இன்னொன்று. அப்பாவைப் படுக்க வைத்து இடது தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் போங்கள். இருந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள்.

கத்தி விஷயத்தை நாளை எழுதுகிறேன். தூக்கம் வருகிறது. நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

---

பிரிஸ்பேன் சிவம் | 12 ஜூன் 2023, காலை 4:20

தம்பி, டாக்டர் சொன்னபடி செய்யுங்கள். நான் யாழ்ப்பாணம், இங்கே குயின்ஸ்லாந்தில் 17 வருடமாக இருக்கிறேன். உலகத்திலேயே தோல் புற்று அதிகமான இடங்களில் இது ஒன்று. அவுஸ்திரேலியர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதாவதொரு தோல் புற்று வந்துவிடும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். என் வேலைத்தலத்தில் 50 தாண்டிய வெள்ளையர்களில் மூக்கிலோ காதிலோ தையல் போடாதவர் குறைவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் "எனக்கு இந்த மாதம் இரண்டு வெட்டினார்கள்" என்று மழை பெய்தது மாதிரிச் சொல்வார்கள்.

ஒருவருக்கும் அங்கே கத்தி வைத்ததால் பரவவில்லை. நாள் கடத்தினவருக்குத்தான் பரவியது.

---

மூலிகைப்பித்தன் | 12 ஜூன் 2023, காலை 7:15

வெள்ளைக்காரன் கதை நமக்கெதற்கு?

---

ஸ்டெத் இல்லா டாக்டர் | 12 ஜூன் 2023, மதியம் 1:30

வாக்களித்தபடி, கத்தி.

"கத்தி பட்டால் பரவும்" என்பது எப்படிப் பிறந்தது என்று யோசித்தால் மூலிகைப்பித்தன் ஐயாவின் மாமனார் கதையிலேயே விடை இருக்கிறது. கட்டி முற்றிய பிறகு போகிறோம். அப்போதுதான் ஊசியோ கத்தியோ படுகிறது. அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் மனிதர் போகிறார். நோய் ஏற்கெனவே நடந்த தூரம் நம் கண்ணுக்குத் தெரியவில்லை, கத்தி தெரிந்தது. பழி கத்தி மேல் விழுந்துவிட்டது. மச்சப் புற்றில் சதை எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவுகிறது என்பதற்குச் சான்று இல்லை.

உண்மையில் செய்யக் கூடாதது வேறு. சுட்டுவிடுவது, அமிலம் வைப்பது, லேசர் காட்டுவது, சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைத்து வைப்பது, குதிரைவால் முடியால் இறுக்கிக் கட்டுவது. கார்ன் கேப்பில் இருப்பதும் சாலிசிலிக் அமிலம்தான். இவையெல்லாம் மேலே உள்ளதைக் கரைத்துவிட்டு அடியில் உள்ளதை விட்டுவிடும். பிறகு பரிசோதனைக்கு அனுப்ப ஒழுங்கான சதைத் துண்டே கிடைக்காது. அழகு நிலையத்தில் மச்சம் சுட்டுக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து அக்குளில் நெறியோடு வந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். சுட்டது என்ன என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

மரத்துப்போக ஊசி, பத்துப் பதினைந்து நிமிடம், இரண்டு தையல், அன்றே வீட்டுக்கு. பரிசோதனை அவ்வளவுதான்.

---

ஒரத்தநாட்டான் | 13 ஜூன் 2023, மாலை 6:10

நேற்று இரவே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன். நெறி எதுவும் கையில் தட்டுப்படவில்லை. இன்று காலை தஞ்சாவூரில் தோல் டாக்டரிடம் காட்டினோம். சிறிய கருவியை வைத்துப் பார்த்துவிட்டு "வரப்பு" என்று சொல்லவில்லை, ஆனால் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. சதை எடுத்துவிட்டார்கள். சித்தப்பா வரவில்லை. அப்பா திரும்பி வரும்போது பரோட்டா கேட்டார், வாங்கிக் கொடுத்தேன்.

---

நீலாக்கா | 14 ஜூன் 2023, இரவு 9:02

தீப்புண் வார்டில் 31 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இழை வேறு பக்கம் போகிறதே என்று நினைக்க வேண்டாம், சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

நம்மூரில் இன்னொரு தோல் புற்று இருக்கிறது, அதையும் யாரும் புற்று என்று நினைப்பதில்லை. சின்ன வயதில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து, அல்லது கொதிக்கிற கஞ்சி கொட்டி, கையிலோ காலிலோ தழும்பு. இருபது முப்பது வருடம் கழித்து அதே தழும்பில் ஒரு வெடிப்பு. ஆறும், திரும்பப் பிளக்கும். ஓரம் தடித்துக் காலிபிளவர் மாதிரி சதை வளரும், நாற்றம் வரும். மார்ஜொலின் புண் என்பார்கள். 1828இல் அதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர். எங்கள் வார்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "பழைய புண்தானேம்மா, அப்பப்ப வரும்." தொழுநோயில் உணர்ச்சி போன காலின் ஆறாத புண்ணிலும், எலும்பு சீழ் பிடித்து வருடக்கணக்காகக் கசியும் துளையிலும் இதே கதை.

பெண்களுக்கு ஒன்று. பாவாடை நாடாவை இடுப்பில் ஒரே இடத்தில் வருடக்கணக்காக இறுக்கிக் கட்டி, அந்த இடம் கறுத்து, தோல் உரிந்து, அரிப்பு வந்து, சிலருக்கு அங்கேயே புற்று வந்திருக்கிறது. வேட்டி இறுக்கிக் கட்டும் ஆண்களுக்கும். பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் இருந்த டாக்டர் கனோல்கர் 1945லேயே "வேட்டிப் புற்று" என்று எழுதிவைத்தார். காஷ்மீரில் குளிருக்கு அங்கிக்குள் வைத்துக்கொள்கிற காங்க்ரி நெருப்புச் சட்டியால் தொடையிலும் வயிற்றிலும் வருகிறது. எங்கே ஒரு தோல் ஓயாமல் புண்பட்டுக்கொண்டிருக்கிறதோ அங்கேதான்.

நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி வையுங்கள். கொஞ்சம் தளர்த்துங்கள். கட்டும் இடத்தை மாற்றுங்கள். என் அக்காவிடம் இதைச் சொன்னால் "புடவை நிற்காதுடி" என்கிறாள். நிற்கும்.

---

கணக்கப்பிள்ளை | 14 ஜூன் 2023, இரவு 10:30

அக்கா, இப்போதுதான் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லாமல் நாடாவை உருவிக்கொண்டிருக்கிறாள்.

இருக்கட்டும், எனக்கு ஒரு சந்தேகம். அப்படியென்றால் சன்ஸ்க்ரீன் பூசச் சொல்வதெல்லாம் வியாபாரமா? என் மகள் மாதம் எழுநூறு ரூபாய்க்கு வாங்குகிறாள்.

---

பிரிஸ்பேன் சிவம் | 15 ஜூன் 2023, காலை 5:05

வியாபாரம் இல்லை அண்ணா. ஆனால் யாருக்கு என்பது முக்கியம். இங்கிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓடினால் நம்பூர் என்றொரு சிறு நகரம். அங்கே 1992 தொடங்கி நாலரை வருடம் 1,600 பேரைப் பிரித்து, பாதிப் பேரை நாள்தோறும் சன்ஸ்க்ரீன் பூசச் சொன்னார்கள், மற்றவர்களை வழக்கம்போல இருக்கச் சொன்னார்கள். பூசினவர்களிடம் செதிள் செல் புற்று என்ற தோல் புற்று வகை ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைவு. பிறகு பத்து வருடம் தொடர்ந்து பார்த்ததில் மெலனோமாவும் பாதியாகக் குறைந்திருந்தது. வெள்ளைத் தோலுக்கு அது உயிர் காக்கிற சாமான்.

1981இலேயே இங்கே தொலைக்காட்சியில் ஒரு கடற்பறவை ஆடிப் பாடி "சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை" என்று சொல்லத் தொடங்கிவிட்டது. என் மகனின் பள்ளியில் தொப்பி இல்லாமல் போனால் விளையாட விடமாட்டார்கள், நிழலில் உட்கார வேண்டும். மண்ணிறப் பிள்ளை, வெள்ளைப் பிள்ளை என்ற பேதம் இல்லை. ஆனால் என் குடும்ப வைத்தியர் என் இரத்தத்தைப் பார்த்துவிட்டு "உனக்கு விட்டமின் டி குறைவு, கொஞ்சம் வெயிலில் நில்" என்கிறார். கடையில் சன்ஸ்க்ரீனும் விட்டமின் டி குளிசையும் ஒரே பையில் வாங்கி வருகிற ஆள் நான்.

---

ஸ்டெத் இல்லா டாக்டர் | 15 ஜூன் 2023, மதியம் 2:15

சிவம் சொன்னது சரி. நம் நிறத்துக்கு சன்ஸ்க்ரீன் பூசினால் மெலனோமா குறையும் என்று காட்டுகிற நல்ல ஆய்வு இல்லை. நமக்கு வருகிற இடமே உள்ளங்கால் என்னும்போது அங்கே பூசி என்ன செய்ய? கணக்கப்பிள்ளை சாரின் மகள் மங்கு, முகக் கருமைக்காகப் பூசினால் அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். புற்றுக்காக என்றால் அந்தப் பணத்துக்குக் கைக்கண்ணாடி ஒன்று வாங்கி மாதம் ஒருமுறை உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விலக்கு உண்டு. சிறுநீரக மாற்று செய்துகொண்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அல்பினிசம், அதாவது பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாத நிலை உள்ளவர்கள். வெயில் பட்டாலே தோல் சிதைகிற அரிய பரம்பரை நோய் உள்ள பிள்ளைகள். இவர்களுக்கு சன்ஸ்க்ரீன் மருந்து.

வயதானவர்களின் முகத்தில், மூக்கோரம், கண் இமை ஓரத்தில் மெதுவாக வளர்கிற பளபளப்பான கறுப்பு மணி ஒன்று உண்டு. அதிலும் வெயிலுக்குப் பங்கு இருக்கிறது. அடிச்செல் புற்று. தாத்தாவுக்கு வயதான காலத்தில் புது மச்சம் முளைத்திருக்கிறது, அதிர்ஷ்டம் என்பார்கள். அது உடம்பில் பரவுவது மிக அரிது, வெட்டினால் முடிந்தது. விட்டால் கண்ணையும் மூக்கையும் அரிக்கும்.

---

பனித்துளி | 15 ஜூன் 2023, இரவு 8:40

அல்பினிசம் உள்ளவள் நான். பள்ளியில் "வெள்ளைக்காரி" என்றுதான் கூப்பிடுவார்கள். 26 வயதில் கன்னத்தில் ஒரு செதில், அப்புறம் புண், வெட்டி எடுத்தார்கள், செதிள் செல் புற்று. முழுக்கை, குடை, தொப்பி, எஸ்பிஎஃப் 50. மாதச் செலவில் வாடகைக்கு அடுத்தது இதுதான். டாக்டர் "மருந்து" என்று சொன்னது நன்றாக இருந்தது. கடைக்காரர் அழகுப் பொருள் என்றுதான் பில் போடுகிறார்.

---

மூலிகைப்பித்தன் | 16 ஜூன் 2023, காலை 6:50

இதற்கெல்லாம் நம் முன்னோர் பாஷாண மருந்து வைத்திருந்தார்கள். என் ஊரில் ஒரு வைத்தியர் கொடுக்கிறார்.

---

ஸ்டெத் இல்லா டாக்டர் | 16 ஜூன் 2023, காலை 9:20

ஐயா, கோபப்படாமல் கேளுங்கள். வெள்ளைப் பாஷாணம் என்பது ஆர்செனிக். அதே ஆர்செனிக் இன்று ஒருவகை இரத்தப் புற்றுக்கு ஊசியாகப் போகிறது, அருமையாக வேலை செய்கிறது, மறுக்கவில்லை. அது அளந்து, மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே ஏற்றுவது. ஆனால் வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்தால் ஆர்செனிக்கே தோல் புற்றை உண்டாக்கும். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் இது கலந்து, மக்களின் முதுகில் மழைத்துளி தெறித்தது போலப் புள்ளிகளும், உள்ளங்கையில் மிளகு மிளகாகத் தடிப்பும், பிறகு புற்றும் வந்திருக்கின்றன. ஆஸ்துமாவுக்கும் சொரியாசிஸுக்கும் ஆர்செனிக் கரைசல் கொடுத்த ஆங்கில மருத்துவமும் ஒரு காலத்தில் இதே தப்பைச் செய்தது.

---

நெறியாளர் | 16 ஜூன் 2023, காலை 10:00

மருந்துக்காரர் முகவரி கேட்டும் கொடுத்தும் வந்த ஏழு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை தொடங்கியவர் முடிவுக்குக் காத்திருக்கிறார், அதை நினைவில் வையுங்கள்.

---

ஒரத்தநாட்டான் | 1 ஜூலை 2023, மாலை 4:33

முடிவு வந்துவிட்டது. மெலனோமா. எஸ்-100, எச்எம்பி-45 என்று ஏதோ சாயம் போட்டு உறுதி செய்ய நாளானதாம். "பிரெஸ்லோ கனம் 1.6 மில்லிமீட்டர், புண் உள்ளது" என்று எழுதியிருக்கிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. 1.6 என்றால் எவ்வளவு மோசம்?

---

ஸ்டெத் இல்லா டாக்டர் | 1 ஜூலை 2023, மாலை 5:10

முதலில் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள்.

இந்த நோயில் எல்லாவற்றையும் விட அந்த ஒரு எண்தான் அதிகம் பேசும். 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோய்க்குறியியல் மருத்துவர் காட்டியது: திட்டு எவ்வளவு அகலம் என்பதை விட எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே முக்கியம். மேல்தோலில் இரத்தக் குழாய் இல்லை. கீழே இறங்க இறங்கத்தான் இரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் அதற்கு வழி கொடுக்கும். ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் மிக நல்லது. நான்கைத் தாண்டினால் கவலை. உங்கள் அப்பாவுடையது ஏறக்குறைய ஒரு ரூபாய்க் காசின் கனம். நடுவில் இருக்கிறது. புண்ணானது ஒரு படி கூடுதல் கவலை. கைமீறிய நிலை இல்லை.

இனி நடக்கப்போவது: ஓரத்திலிருந்து ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து அகலமாக வெட்டுவார்கள். கூடவே, நீலச் சாயமும் கதிரியக்க மருந்தும் செலுத்தி, அந்த இடத்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சைத் தொடை இடுக்கில் கண்டுபிடித்து அதை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அது சுத்தம் என்றால் பாதி மூச்சு விடலாம். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிற இடத்துக்குப் போங்கள். வெறுமனே வெட்டி மூடுகிற இடம் வேண்டாம். அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசுப் புற்றுநோய் மருத்துவமனை, பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகள், எங்கே இந்த வசதி இப்போது நடக்கிறது என்று நேரில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் காலில்தான் கத்தி வைக்கப் போகிறார்கள்.

---

கணக்கப்பிள்ளை | 1 ஜூலை 2023, இரவு 9:15

தம்பி, பணத்துக்கு: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துவிடுங்கள், ஒரு குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், அப்புறம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் படம் எடுப்பார்கள். அனுமதி வந்த பிறகு அறுவை. முன்னால் கட்டிவிட்டு அப்புறம் கேட்டால் கிடைக்காது.

டாக்டருக்கு ஒரு கேள்வி: அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு மூளை வரை பரவி, ஏதோ புது ஊசியில் சரியானதே, அது இங்கே கிடைக்காதா?

---

ஸ்டெத் இல்லா டாக்டர் | 1 ஜூலை 2023, இரவு 11:40

கிடைக்கும். பெம்ப்ரோலிசுமாப். புற்று நம் எதிர்ப்புப் படையின் கண்ணைக் கட்டிவிடுகிறது, இந்த மருந்து கட்டை அவிழ்க்கிறது, அவ்வளவுதான் தத்துவம். அதற்கு வழி திறந்த ஆலிசன், ஹோன்ஜோ என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. கார்ட்டருக்கு 2015இல் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்தார்கள், அவருக்கு அது வேலை செய்தது. ஆனால் ஒரு ஊசிக்கே லட்சத்தைத் தாண்டும். இன்னொரு கசப்பான உண்மை, உள்ளங்கால் வகை மெலனோமா இந்த ஊசிக்கு மற்ற வகைகள் அளவுக்கு மசிவதில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், நம்மூருக்கு இந்த நோயில் சிறந்த மருந்து சீக்கிரம் பட்ட கத்தி.

---

ஒரத்தநாட்டான் | 9 ஆகஸ்ட் 2023, இரவு 8:25

எல்லோருக்கும் நன்றி சொல்லி முடியாது, நடந்ததை எழுதுகிறேன்.

ஜூலை 20 அறுவை. முடிச்சு சுத்தம்! வெட்டிய ஓரங்களும் சுத்தம். இரண்டாம் கட்டத்தின் தொடக்க நிலை, ஊசி தேவையில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்கள். காப்பீட்டு அட்டையில் முடிந்துவிட்டது. ஸ்கேனும் சாப்பாடும் பஸ்ஸும்தான் எங்கள் செலவு.

குதிகாலில் போன சதைக்கு என்ன செய்வார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். தொடைத் தோலை அங்கே ஒட்டினால் உடம்புப் பாரத்தில் தேய்ந்துவிடுமாம். அதனால் பாரம் படாத உள்ளங்கால் குழிவிலிருந்து தோலையும் கொழுப்பையும் இரத்தக் குழாய் அறாமல் அப்படியே திருப்பிக் குதிகாலில் வைத்தார்கள். குழிவில் தொடைத் தோல். "ஒரு வயல் மண்ணை வெட்டி அடுத்த வயலில் போட்டிருக்கிறார்கள்" என்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் விளக்கினார். மூன்று வாரம் கால் தரையில் படக் கூடாது. அதுதான் அவருக்கு அறுவையை விடக் கொடுமை. நாற்று விடுகிற நேரம் வேறு.

சித்தப்பா மருத்துவமனைக்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை. கமலா ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார்.

---

நீலாக்கா | 9 ஆகஸ்ட் 2023, இரவு 9:10

எம்சிஆர் செருப்பு வாங்குங்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுப்பார்களே, மெத்தென்ற கறுப்பு ரப்பர், அதுதான். புதுத் தோலுக்கு உணர்ச்சி மட்டாக இருக்கும், முள் ஏறினாலும் தெரியாது. வெறுங்காலோடு வயலில் இறங்கினார் என்று கேள்விப்பட்டால் நானே ஒரத்தநாடு வருவேன்.

---

பிரிஸ்பேன் சிவம் | 27 ஜனவரி 2024, காலை 5:30

இந்த இழையை நினைத்துக்கொண்டேன். இந்த வருடம் "அவுஸ்திரேலியாவின் சிறந்த மனிதர்" விருது இரண்டு மெலனோமா வைத்தியர்களுக்குக் கிடைத்திருக்கிறது, ஜோர்ஜினா லாங், ரிச்சர்ட் ஸ்கோலியர். ஸ்கோலியருக்கே மூளையில் வேறொரு புற்று வந்து, மெலனோமாவில் தாங்கள் கற்ற மருத்துவத்தைத் தன் உடம்பிலேயே முதலில் பார்த்திருக்கிறார். அப்பா எப்படி, தம்பி?

---

ஒரத்தநாட்டான் | 30 ஜனவரி 2024, இரவு 9:50

நடக்கிறார் அண்ணா. பொங்கலுக்கு அறுப்பு பார்க்க வரப்பில் போனார், செருப்போடு. ஸ்கேன் சுத்தம். டீக்கடையில் யார் காலை நீட்டினாலும் "திருப்பிக் காட்டு" என்கிறார். இரண்டு பேரைத் தோல் டாக்டரிடம் அனுப்பியும் விட்டார். ஒருவருக்கு வெறும் ஆணி. இன்னொருவருக்குச் சாதாரண மச்சம்.

---

ஸ்டெத் இல்லா டாக்டர் | 30 ஜனவரி 2024, இரவு 10:20

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நம் நிறத்தில் நாற்பது வயதுக்கு மேல் உள்ளங்காலில் நாலைந்து பழுப்புப் புள்ளி இருப்பது சகஜம். எல்லாம் ஒரே சாயலில், வருடக்கணக்காக மாறாமல் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். கூட்டத்தில் ஒன்று மட்டும் தனியாக நடந்துகொண்டால் அதைப் பிடியுங்கள்.

---

தேன்மொழி | 3 செப்டம்பர் 2025, மாலை 7:05

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். முழுவதும் வாசித்தேன். என் அம்மாவுக்கு 58 வயது. கை நகத்தில் நெடுக்காகக் கறுப்புக் கோடு இருக்கிறது. பாத்திரம் தேய்ப்பதால் என்கிறார். பார்க்க வேண்டியதா?

---

ஸ்டெத் இல்லா டாக்டர் | 3 செப்டம்பர் 2025, இரவு 10:45

பல நகங்களில் மெல்லிய கோடுகளா, ஒரே நகத்திலா? எத்தனை நாளாக, அகலமாகிறதா? கோட்டின் கறுப்பு நகக்கண் தோல் மேலும் ஏறியிருக்கிறதா?

---

தேன்மொழி | 3 செப்டம்பர் 2025, இரவு 11:02

இப்போது விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரே நகம், வலது கட்டைவிரல். போன தீபாவளிப் படத்தில் நூல் மாதிரி இருக்கிறது, இப்போது நகத்தில் கால்வாசி. அடித்தோலில் லேசாகக் கறுப்பு இருக்கிறது. காரைக்குடியில் இருக்கிறோம்.

---

ஒரத்தநாட்டான் | 3 செப்டம்பர் 2025, இரவு 11:09

அக்கா, நகப்பூச்சு எதுவும் போட வேண்டாம், நகத்தை வெட்டவும் வேண்டாம், அந்தத் தீபாவளிப் படத்தைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை அப்பாவுக்கு எப்போதும் போகிற பரிசோதனை, தஞ்சாவூரில்தான். அதே டாக்டர். காலை எட்டரைக்கு டோக்கன். உங்களுக்கும் சேர்த்து ஒன்று போட்டு வைக்கிறேன்.